ஒன்றரை ஏக்கர் தீவனப் புல்லுக்கு நான்கு மூட்டை யூரியா: தம்பியை எப்படி நிறுத்துவது, எதைச் சரி செய்வது?

ஈசூன்வாசி | 3 ஜூன், இரவு 11.10

வணக்கம். பதினான்கு வருடமாக சிங்கப்பூரில் இருக்கிறேன். துவாஸில் குழாய் வெல்டிங் பிரிவில் சூப்பர்வைசர். சொந்த ஊர் காங்கேயத்திலிருந்து மூலனூர் போகிற வழியில். ஊரில் தம்பிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறான். ஆறு ஏக்கர் கொரங்காடு, அதை ஒட்டிக் கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் கோ-5 கம்பு நேப்பியர் (அறுத்துப் போடுகிற தீவனப் புல் ரகம்), பதினொரு மாடுகள். எட்டு ஜெர்சி கலப்பு, மூன்று காங்கேயம்.

கொரங்காடு தெரியாதவர்களுக்காக: சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். மானாவாரி மேய்ச்சல் நிலம். அப்பா காலத்தில் அதற்கு உரம் என்ற பேச்சே இல்லை. ராத்திரி ஆட்டுப்பட்டி அடைப்பார்கள், படலைத் தினமும் நகர்த்தி நகர்த்தி வைப்பார்கள், அவ்வளவுதான்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் தம்பி புல்லுக்கு யூரியா போட்டுக்கொண்டிருந்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடது கையில் பிளாஸ்டிக் பேசின், வலது கையால் அள்ளி வீசுகிறான். ஒரு வீச்சு பத்தடி போகிறது, அடுத்தது காலடியிலேயே விழுகிறது. "எத்தனை மூட்டைடா?" என்றேன். "நாலு" என்றான். 45 கிலோ மூட்டை நாலு, ஒன்றரை ஏக்கருக்கு, 45 நாளுக்கு ஒருமுறை! தண்ணி எப்போது பாய்ச்சுவாய் என்றால், "கரண்ட் நாளைக்குக் காலையில்தான் வரும்" என்கிறான். வீட்டுத் திண்ணை வரைக்கும் மூக்கில் குத்துகிற நெடி வருகிறது என்று அம்மா சொல்கிறார்.

ஏன் இவ்வளவு என்று கேட்டால், "கடைக்கோடி மஞ்சளா கிடக்குது, பத்தலை" என்கிறான். இரண்டு வருடமாக அதே மஞ்சள். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே வந்து நாலு மூட்டையில் நிற்கிறது. இப்போது மழை பெய்தால் கொரங்காட்டிலும் ஒரு மூட்டை வீசிவிடலாம் என்று யோசனை வேறு.

எனக்கு பயம் வந்ததற்குக் காரணம் இரண்டு. ஏப்ரல் கடைசியில் ஒரு கறவை மாடு புல் தின்ற இரண்டு மணி நேரத்தில் மூச்சு வாங்கித் தள்ளாடி விழுந்தது. டாக்டர் வந்து ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார். "புல்லில் நைட்ரேட் ஏறியிருக்கும், உரத்தைக் குறைங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். இரண்டாவது, தம்பி மகளுக்குக் கைக்குழந்தை, நாலு மாதம். தாய்ப்பால் போதாமல் புட்டிப்பால் கொடுக்கிறார்கள். அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் கொதிக்க வைத்து மாவு கலக்குகிறார்கள்.

இதற்கிடையில் ஒருவர் வந்து, ட்ரோன் வாங்கினால் துல்லியமாக உரம் போடலாம் என்று தம்பிக்கு ஆசை காட்டியிருக்கிறார். ஐந்து லட்சத்துக்கு மேல் கேட்கிறார். நான் சரி என்று சொன்னால் இங்கிருந்து அனுப்ப வேண்டும். பணம் பெரிதில்லை என்று சொல்ல மாட்டேன், பெரிதுதான். ஆனால் அது உண்மையில் பிரச்சினையைத் தீர்க்கும் என்றால் அனுப்புவேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

புல்தரை | 4 ஜூன், காலை 6.25

தம்பி, நான் இங்கே சிங்கப்பூரில் பதினெட்டு வருடமாகப் புல் வளர்க்கிற ஆள். விளையாட்டுத் திடல், கோல்ஃப் மைதானம் இரண்டும் பார்த்திருக்கிறேன். மாட்டுக்கு இல்லை, பந்துக்கு. ஆனால் புல்லுக்கு அது தெரியாது. பசி, அஜீரணம் எல்லாம் ஒன்றுதான்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். யூரியாவில் 46 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்). கம்பு நேப்பியருக்குக் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் ஹெக்டேருக்கு 75 கிலோ தழைச்சத்து. யூரியாவாக 163 கிலோ. ஏக்கருக்கு 66 கிலோ. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு 99 கிலோ, அதாவது இரண்டேகால் மூட்டைக்கும் குறைவு. உங்கள் தம்பி போடுவது 180 கிலோ. இந்த அளவை மூட்டைக் கணக்கில் மறந்துவிட்டு சென்ட் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு சென்ட்டுக்கு 660 கிராம். மூட்டையை வைத்துக்கொண்டு யாராலும் கை அளவைச் சரியாக்க முடியாது. 660 கிராமை வைத்துக்கொண்டு முடியும்.

கை வீச்சைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வேலை கற்ற புதிதில் என்னை ஒரு திடலுக்கு உரம் போட அனுப்பினார்கள். தள்ளுவண்டி மாதிரி உரம் வீசும் இயந்திரம். அதில் திறப்பு எந்த எண்ணில் இருக்க வேண்டும் என்று நான் சரிபார்க்கவில்லை, முந்தின ஆள் வைத்த எண்ணிலேயே தள்ளிக்கொண்டு போனேன். சாயங்காலம் பேய் மழை. நான்காம் நாள் திடலில் வரிக்குதிரை மாதிரி கோடு. ஒரு கோடு கரும்பச்சை, ஒரு கோடு வெளிர், நான் திரும்பிய முனைகளில் மட்டும் கருகிய வட்டம். அதைவிட எனக்கு உறைத்தது ஓரத்தில் இருந்த சின்னக் குளம். பத்து நாளில் பாசி பிடித்துப் பச்சைக் கஞ்சியாகிவிட்டது. மேற்பார்வையாளர் என்னைத் திட்டவில்லை, கூட்டிக்கொண்டு போய் வடிகாலைக் காட்டினார். "இந்தத் தண்ணி எங்கே போகுதுன்னு தெரியுமா?" என்றார். இந்த ஊரில் மூன்றில் இரண்டு பங்கு நிலம் நீர்ப்பிடிப்புப் பகுதி. வடிகாலில் விழுவதை நாமேதான் குடிக்கிறோம்.

அன்றிலிருந்து என் பழக்கம் இது. புல்லின் மேல் ஐஸ்கிரீம் டப்பா மூடி பன்னிரண்டை வரிசையாக வைப்பேன். வழக்கம்போல உரம் வீசுவேன். ஒவ்வொரு மூடியில் விழுந்ததையும் நகைத் தராசில் நிறுப்பேன். முதல் தடவை ஒரு மூடியில் விழுந்ததைப் போலக் கிட்டத்தட்ட எட்டு மடங்கு பக்கத்து மூடியில் இருந்ததை இன்னும் மறக்கவில்லை. உங்கள் தம்பியையும் ஒரு நாள் இதைச் செய்யச் சொல்லுங்கள். வாய் வார்த்தையால் ஆகாதது அந்த மூடிகளைப் பார்த்தால் ஆகும்.

அப்புறம் அந்த நெடி. அது அம்மோனியா. யூரியா ஈர மண்ணின் மேல் வெயிலில் கிடந்தால் வாயுவாகப் பறந்துவிடும். அம்மா மூக்குக்கு எட்டியது புல்லுக்கு எட்டவில்லை என்று அர்த்தம். கரண்ட் வருகிற நாள் பார்த்து, தண்ணீர் பாய்ச்சுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும்.

ட்ரோனுக்குப் பணம் அனுப்பாதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. கடைக்கோடி மஞ்சளை இலை தெரியக் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மஞ்சள் அடி இலையிலா, குருத்து இலையிலா என்று பார்க்க வேண்டும்.

---

ஈசூன்வாசி | 4 ஜூன், இரவு 9.50

அண்ணா, மிக்க நன்றி. படம் வந்துவிட்டது, இணைத்திருக்கிறேன். குருத்து இலைகள்தான் மஞ்சள். சொல்லப்போனால் மஞ்சளைவிட வெளுப்பு. நரம்பு மட்டும் பச்சைக் கோடு கோடாக நிற்கிறது. அடி இலைகள் நல்ல பச்சை. அந்தக் கோடியில் மண்வெட்டி போட்டால் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கல்) தட்டும், வெள்ளை வெள்ளையாக வரும்.

பெட்டியில் பழைய மண்வள அட்டை ஒன்று இருந்ததாம். அதில் பிஹெச் (மண்ணின் கார அளவு) 8.4 என்று இருக்கிறது. மண் எடுத்தது ஒரே இடத்தில், வாசல் பக்கம்.

---

புல்தரை | 4 ஜூன், இரவு 10.30

நினைத்தேன். தம்பி, அது தழைச்சத்துப் பசி இல்லை, இரும்புச்சத்துப் பசி. தழைச்சத்து குறைந்தால் செடி தன் கிழட்டு இலையிலிருந்து எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கும். அதனால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். இரும்பை அப்படி எடுத்து மாற்றிக் கொடுக்க அதற்குத் தெரியாது, அதனால் குருத்து வெளுக்கும். சுண்ணாம்பு அதிகமான மண்ணில் இரும்பு இருந்தும் வேருக்குக் கிடைக்காது. இரண்டு வருடமாக உங்கள் தம்பி தாகத்துக்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறார். அந்த மண்ணில் யூரியா வாயுவாகப் போவதும் கூடுதல்.

அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்) வாங்கச் சொல்லுங்கள். லிட்டருக்கு 5 கிராம், கூட ஒரு கிராம் சிட்ரிக் அமிலம், சாயங்காலத்தில் இலை நனையத் தெளிக்க வேண்டும். கோல்ஃப் மைதானத்தில் போட்டிக்கு முன்னால் புல்லைக் கரும்பச்சையாக்க நாங்கள் செய்வதும் இதுதான். யூரியா போட்டால் புல் நீளும், இரும்பு தெளித்தால் நீளாமல் பச்சையாகும். பத்து நாளில் வித்தியாசம் தெரியவில்லை என்றால் என்னை வந்து கேளுங்கள்.

---

கிராஞ்சி அக்கா | 5 ஜூன், காலை 8.05

உரத்தைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. முதலில் ஊருக்குப் போன் போட்டு அந்தக் குழந்தைக்குக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலக்குவதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்றைக்கே.

நான் இருபத்திரண்டு வருடம் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். உரத்திலிருந்து கிணற்றுக்கு இறங்கும் நைட்ரேட் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியாது, மணக்காது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் சாகாது. தண்ணீர் ஆவியாகிப் போவதால் மிச்சத்தில் அதன் அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும். கைக்குழந்தையின் வயிற்றில் அது நைட்ரைட்டாக மாறி ரத்தத்தில் ஆக்ஸிஜன் சுமக்கிற சிவப்பணுவை வேலை செய்ய விடாமல் கட்டிவிடும். உதடும் நகமும் நீலமாகும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததே புட்டிப்பால் குடிக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்துத்தான். இந்தியாவில் வரம்பு 45. உங்கள் மாட்டுக்கு நடந்ததும் குழந்தைக்கு நடக்கக்கூடியதும் ஒரே ரசாயனம்.

காவிரிக் குடிநீர் வந்தால் அது, இல்லையென்றால் ஆர்ஓ தண்ணீர். ஆர்ஓ நைட்ரேட்டைப் பெருமளவு பிடித்துவிடும். சாதாரண மெழுகுவர்த்தி ஃபில்டர் பிடிக்காது. தண்ணீரைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, பனிக்கட்டி வைத்த பெட்டியில் அன்றைக்கே பரிசோதனைக் கூடத்துக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். கிணற்று நீரும் வீட்டுக் குழாய் நீரும் தனித்தனியாக.

என் பாட்டி சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து மாட்டுக் கொட்டில்களிலிருந்து பால் வாங்கின கதையைச் சொல்லுவார். கண்டாங் கெர்பாவ் என்ற பெயருக்கே எருமைத் தொழுவம் என்றுதான் அர்த்தம். அந்தக் காலத்துத் தீவில் கழிவு எங்கே வழிந்தால் என்ன என்றிருந்தது. இன்றைக்கு மரினா நீர்த்தேக்கத்துக்கு மட்டும் 10,000 ஹெக்டேர் நிலத்தின் மழைநீர் வந்து சேருகிறது, நாட்டின் ஆறில் ஒரு பங்கு. ஒவ்வொரு வாளி மாதிரியையும் சோதித்தபோது எனக்கு அந்த நிலமெல்லாம் ஞாபகம் வரும். உங்கள் கிணறும் அப்படித்தான். மேலே தம்பி வீசுவது கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். இன்றைக்கு உரத்தைக் குறைத்தாலும் கிணறு உடனே தெளியாது, வருடக் கணக்கில் ஆகலாம். அதனால் மனம் தளர வேண்டாம், ஆனால் குழந்தை விஷயத்தில் காத்திருக்கவும் வேண்டாம்.

---

வெண்ணந்தூர்க்காரன் | 5 ஜூன், மதியம் 1.15

எங்கள் வீட்டில் இதே மாதிரி ஒரு சினை மாட்டை இழந்தோம். டாக்டர் வந்தபோது ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தது. நைட்ரேட் நஞ்சுக்குப் போடுகிற மெத்திலீன் புளூ ஊசி கையில் இருந்தும் நேரம் கடந்துவிட்டது. அதனால் உங்கள் பதிவைப் படித்ததும் எழுதுகிறேன்.

ஒன்று கேட்கிறேன். தினமும் ஒரு பகுதி அறுத்துப் போடுகிறீர்கள்தானே? அப்படியென்றால் யூரியா போடுகிற நாளில் வயலில் நேற்று அறுத்த கட்டையும் இருக்கும், நாளை மறுநாள் அறுக்கப்போகிற புல்லும் இருக்கும். ஒரே நாளில் எல்லாவற்றுக்கும் வீசினால், முற்றிய புல் அதைக் குடித்துத் தண்டில் நைட்ரேட்டாக வைத்திருக்கும்போதே நீங்கள் அறுத்து மாட்டுக்குப் போடுகிறீர்கள். எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். உரம் போட்டு மூன்று வாரமாவது ஆகாத புல்லை அறுக்காதீர்கள். மேகமூட்டம் தொடர்ந்தாலும், வறட்சிக்குப் பின் முதல் மழை பெய்தாலும் கொஞ்ச நாள் கவனம். அடித்தண்டில்தான் அதிகம், அதனால் ஒரு சாண் விட்டு அறுக்க வேண்டும். வைக்கோலும் கலந்து போட வேண்டும், பசித்த வயிற்றில் வெறும் பச்சைப் புல் கூடாது.

---

தெற்குத்தீவு | 6 ஜூன், இரவு 12.20

அண்ணா, நான் பிறந்து வளர்ந்தது சிங்கப்பூரில், சுவா சூ காங்கில். ஆனால் நியூசிலாந்தின் கேன்டர்பரி வட்டாரத்தில் ஒரு பால் பண்ணையில் ஐந்து வருடம் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். அங்கே 700 மாடு. மாடு நம் ஊர் மாதிரி கட்டித் தீனி தின்பதில்லை, வருடம் முழுக்க மேய்ச்சல்.

மேலே வெண்ணந்தூர்க்காரர் சொன்னதைப் படித்ததும் சிரிப்பு வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது. அங்கேயும் முதல் விதி அதுவேதான்: மாடு மேய்ந்து வெளியேறிய கட்டத்துக்குத்தான் (வேலி போட்டுப் பிரித்த மேய்ச்சல் பகுதி) பின்னாலேயே உரம் போகும். எல்லாக் கட்டத்துக்கும் ஒரே நாளில் போகாது. உங்கள் கணக்கில் சொன்னால், 150 சென்ட்டை 45 நாளில் அறுக்கிறீர்கள், ஒரு வாரத்துக்கு 23 சென்ட் வருகிறது. அந்த 23 சென்ட்டுக்கு 15 கிலோ யூரியா. வாரம் ஒரு முறை, அறுத்துத் துளிர் எட்டிப்பார்த்த பிறகு, தண்ணீர் விடுகிற அன்றைக்கு. ஒரு நாளும் மூட்டை தூக்க வேண்டாம்.

இரண்டாவது, எந்த இடத்துக்கு ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று பார்ப்பது. அங்கே பால் கறக்கும் கொட்டகையைக் கழுவின சாணித் தண்ணீரைக் குழாய் வழியாகச் சில கட்டங்களுக்கு மட்டும் பாய்ச்சுவார்கள். அந்தக் கட்டங்களுக்கு வாங்கின உரம் மிகவும் குறைவு, சாம்பல் சத்து (பொட்டாஷ்) சுத்தமாகக் கிடையாது. அதை வரைபடத்தில் வேறு நிறத்தில் குறித்திருப்பார்கள். உங்கள் கட்டுத்தரைத் தண்ணீர் எந்தப் பக்கம் வழிகிறது? அந்தப் பக்கம் புல்லுக்கு யூரியா எதற்கு? புல்லை ஒன்றரை ஏக்கரிலிருந்தும் அறுக்கிறீர்கள், சாணமும் மூத்திரமும் திரும்பப் போய்ச் சேருவது ஒரு மூலைக்கு.

மூத்திரம் என்றால் சும்மா இல்லை. ஒரு மாடு ஒரு தடவை பெய்வது சுமார் இரண்டு லிட்டர். அது விழுகிற அந்தச் சின்ன இடத்தில் தழைச்சத்து ஹெக்டேர் கணக்குக்கு 600 கிலோவைத் தாண்டும். எந்தப் புல்லாலும் அவ்வளவையும் எடுக்க முடியாது. மேய்ச்சல் நிலத்திலிருந்து நிலத்தடி நீருக்கு இறங்கும் நைட்ரேட்டில் பெரும்பகுதி இந்தத் திட்டுகளிலிருந்துதான். அதன் மேல் யூரியாவையும் வீசினால் மொத்தமும் வீண். நியூசிலாந்து அரசு 2021 ஜூலையிலிருந்து மேய்ச்சல் நிலத்துக்கு வருடத்துக்கு ஹெக்டேருக்கு 190 கிலோ ரசாயனத் தழைச்சத்துதான் என்று வரம்பு வைத்தது. அறுத்துப் போடும் நேப்பியர் அதைவிட எவ்வளவோ அதிகம் எடுக்கும், அதனால் அந்த எண்ணை அப்படியே உங்கள் வயலுக்குப் பொருத்த வேண்டாம். ஆனால் வரம்பு வந்த பிறகு எங்கள் பண்ணையில் நடந்தது இதுதான்: ஒவ்வொரு கட்டமாக மண் எடுத்தார்கள், ஓடைக் கரையில் உரம் வீசாமல் ஒரு பட்டை விட்டார்கள், புல் உயரத்தை அளக்கும் தட்டுக்கோலோடு வாரா வாரம் நடந்தோம். குளிரில் அந்தக் கோலைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நடந்ததில்தான் எனக்கு அந்த நிலம் தெரிந்தது. எந்தக் கட்டத்தில் தண்ணீர் நிற்கும், எந்தக் கட்டத்தில் மாடு வாசலிலேயே கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

ஜிபிஎஸ் வைத்த உர வண்டி நல்ல விஷயம்தான். வண்டி திரும்பும் இடத்தில் ஏற்கெனவே விழுந்திருந்தால் தானே மூடிக்கொள்ளும், ஓடைக்கு அருகில் தானே நிற்கும். 200 ஹெக்டேரை யாராலும் மனத்தில் வைத்துக்கொள்ள முடியாது, அதற்கு வேண்டும். ஒன்றரை ஏக்கருக்கு உங்கள் தம்பி காலே போதும்.

கொரங்காட்டைத் தயவு செய்து தொடாதீர்கள். மானாவாரியில் ஈரம் எப்போது நிற்கும் என்று தெரியாமல் யூரியா வீசுவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அங்கே முயல் மசால், வேலி மசால் மாதிரிப் பயறு வகைச் செடி ஏதாவது புல்லோடு இருந்தால் அது காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். யூரியா விழுந்தால் புல் வேகமாக ஏறி அதை நிழலில் அமுக்கிவிடும், செடியும் வேலையைக் குறைத்துக்கொள்ளும். நியூசிலாந்தில் குளோவர் செடிக்கு அப்படித்தான் ஆனது. மண்ணில் மிஞ்சுவது நைட்ரஸ் ஆக்ஸைடாகவும் போகும், அது கரியமில வாயுவைப் போல 270 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும். உங்கள் அப்பா படலை நகர்த்தி நகர்த்திப் பட்டி அடைத்தார் என்று எழுதியிருந்தீர்கள். அங்கே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் கணினியில் செய்ய முயன்றுகொண்டிருந்தது அந்த வேலையைத்தான்.

---

ஈசூன்வாசி | 21 செப்டம்பர், இரவு 10.15

எல்லோருக்கும் வணக்கம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. ஜூலையில் பதினைந்து நாள் விடுப்பில் போய்வந்தேன். ஒரு சுற்று முழுதாக அறுத்து முடிந்ததும் எழுதலாம் என்று இருந்தேன்.

குழந்தை முதலில். அக்கா எழுதிய அன்று மதியமே போன் செய்தேன். அன்றிலிருந்து ஆர்ஓ தண்ணீர்தான். ஒரு வாரம் கழித்து பரிசோதனை முடிவு வந்தது. கிணற்றில் நைட்ரேட் லிட்டருக்கு 78 மில்லிகிராம். அந்தத் தாளைத் தம்பி என்னிடம் படித்துக் காட்டவில்லை, அவன் மகள்தான் படித்தாள். படித்துவிட்டு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அக்கா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு யூரியாவைக் குறைப்பதற்கு நான் ஒரு வார்த்தை வாதாட வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் மூடி வைத்துப் பார்த்தோம். பன்னிரண்டு மூடி கிடைக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டு எட்டு வைத்தோம். தம்பி இருபது வருடமாக வீசுகிற கை. குறைவாக விழுந்த தட்டைப் போலப் பன்னிரண்டு மடங்குக்கு மேல் அதிகம் விழுந்த தட்டில் இருந்தது. அவன் அந்த இரண்டு தட்டையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டான்.

வயலை மூன்றாகப் பிரித்தோம். கட்டுத்தரைத் தண்ணீர் வழிகிற பக்கம் 40 சென்ட், அதற்கு யூரியா இல்லை. நடுவில் 80 சென்ட், அதற்கு சென்ட்டுக்கு 660 கிராம். சுக்கான் கோடி 30 சென்ட், அதற்கு பாதி, கூட அன்னபேதித் தெளிப்பு. ஒரு சுற்றுக்கு மொத்தம் 63 கிலோ ஆகிறது, முன்பு 180. பழைய பெயின்ட் டப்பாவில் 660 கிராமுக்கு ஒரு கோடு, 330-க்கு ஒரு கோடு போட்டிருக்கிறேன். சென்ட் சென்ட்டாகக் கயிறு கட்டிக் குச்சி நட்டாயிற்று. மூன்று பக்கத்திலும் தனித்தனியாக மண்ணும் எடுத்துக் கொடுத்தோம். கட்டுத்தரைப் பக்கம் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சாம்பல் சத்தும் தேவைக்கு மேல் இருக்கிறது. சுக்கான் கோடியில் பிஹெச் 8.7.

புல்தரை அண்ணா, இரும்பு தெளித்துப் பதினோராம் நாள் தம்பி விடிகாலையில் போன் செய்தான். இங்கே மணி எட்டரை, நான் வேலையில் இருந்தேன். கேமராவைக் குருத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினான். இலை அகலத்துக்கும் பச்சை. அடுத்த துளிர் மறுபடி லேசாக வெளுத்து வந்தது, அதனால் ஒவ்வொரு அறுப்புக்குப் பிறகும் தெளிக்க வேண்டியிருக்கும் போலிருக்கிறது. சரிதானே?

விளைச்சலை மறைக்காமல் சொல்கிறேன். கட்டுத்தரைப் பக்கம் யூரியாவே இல்லாமல் புல் ஒரு விரல் அளவும் குறையவில்லை. நடுவில் முதல் சுற்றில் தினமும் இரண்டு மூன்று கட்டு குறைந்தது, தம்பிக்கு மனது கேட்கவில்லை. அந்த வாரம் தினமும் போன் செய்து பொறு, பொறு என்று சொன்னேன். 660 கிராமையே இரண்டாகப் பிரித்து, துளிர் வந்ததும் பாதி, இருபதாம் நாள் பாதி என்று மாற்றினோம். இப்போது பழைய அளவுக்கு வந்துவிட்டது. மாடுகளுக்கு ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை.

கிணற்றை இந்த மாதம் மறுபடி சோதித்தோம். 74. அக்கா முன்பே சொன்னதால் ஏமாற்றமில்லை. ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு தடவை, தை மாதம் ஒரு தடவை எடுக்கச் சொல்லியிருக்கிறேன். முடிவு வந்ததும் இங்கே எழுதுகிறேன்.

ட்ரோனுக்குப் பணம் அனுப்பவில்லை. அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துக் கட்டுத்தரையிலிருந்து நடு வயலுக்குச் சாணித் தண்ணீர் போக நூற்றைம்பது அடி குழாயும், சேறு இறைக்கும் மோட்டார் ஒன்றும் வாங்கப்போகிறோம். தெற்குத்தீவு தம்பி, கல்லும் வைக்கோல் துரும்பும் அடைக்காமல் இருக்க உங்கள் பண்ணையில் தொட்டி வாயில் என்ன வைத்திருந்தார்கள் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

---

தெற்குத்தீவு | 21 செப்டம்பர், இரவு 11.40

இரண்டு தொட்டி அண்ணா. முதல் தொட்டியில் கல்லும் மணலும் அடியில் தங்கும். அதற்கும் இரண்டாவது தொட்டிக்கும் நடுவில் செங்குத்தாக மரச்சட்டம், சட்டத்துக்குச் சட்டம் ஒரு சுண்டுவிரல் இடைவெளி. துரும்பு அங்கேயே நின்றுவிடும், தண்ணீர் மட்டும் கசிந்து போகும். மோட்டாரை இரண்டாவது தொட்டியில் அடியிலிருந்து ஒரு அடி மேலே தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை சட்டத்தை மண்வாரியால் வழித்துவிட வேண்டும். நாளைக்குப் படம் வரைந்து போடுகிறேன்.